தெற்கு சூடானுக்குப் போகிறேன்: விதை விநியோகத்தில் அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் தெற்கு சூடானில் உணவுப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றின் பொறுப்பை ஏற்கிறேன்.

2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் நிவாரண வேலை பார்த்தேன். அரிசி மூட்டைகள் வந்து சேர்ந்தன. ஆனால் வேரோடு சாய்ந்த பலாவும் முந்திரியும் மறுபடி காய்க்க எத்தனை வருடங்கள்! அந்தப் புயலாவது ஒரே நாளில் ஓய்ந்தது. போர் நடக்கும் ஊரில் விதைத்தவர் அறுவடைக்கு முன்பே ஓட நேரிடுகிறது. 2017இல் அந்நாட்டின் லீர், மயன்டிட் பகுதிகளில் பஞ்சம் அறிவிக்கப்பட்டதற்கு முதன்மைக் காரணம் சண்டைதான்.

என் குழப்பம் இதுதான். பசித்த வீட்டில் சோள விதையைக் கொடுத்தால் அதையே குத்திச் சமைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவே முடியாது. அதனால் விதையோடு உணவும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். நீங்கள் எத்தனை வாரங்களுக்குக் கொடுத்தீர்கள்? மழை தொடங்கினால் பாதைகள் சேற்றில் மூழ்கும், முன்கூட்டியே இருப்பு வைத்தாக வேண்டும். நிறைந்த கிடங்கு கொள்ளைக்காரர்களை இழுத்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

இன்னொன்று, இடம்பெயர்ந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தால், அவர்களோடு தன் சோற்றைப் பகிர்ந்துகொண்ட உள்ளூர்க் குடும்பம் மனம் நோகாதா? பயனாளிகள் பட்டியலை யாரை வைத்துத் தயாரித்தீர்கள்?

வன்னியிலோ ஆப்பிரிக்காவிலோ பணியாற்றிய அண்ணன்மார், அக்காமார் இருந்தால் எழுதுங்கள். பலிக்காமல் போனவற்றையும் தயவுசெய்து மறைக்காமல் சொல்லுங்கள்.