100 மி.லி. தண்ணீரில் 36 கிராம் உப்பு: எனக்கு ஏன் 31.7 மட்டுமே கிடைத்தது?

25 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் 36 கிராம் உப்பு கரையும் என்று பாடத்தில் படித்திருப்போம். அதை மகளுக்குச் செய்து காட்டலாம் என்று உட்கார்ந்தேன்.

தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தேன். அடியில் கொஞ்சம் கரையாமல் தங்கியது. சரி, தெவிட்டிய கரைசல் தயார். வடிதாளில் வடிகட்டி, அளவு ஜாடியில் சரியாக 100 மி.லி. எடுத்துப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் காய்ச்சினேன். காய்ந்த உப்பை நிறுத்தால் 31.7 கிராம். 4 கிராமுக்கு மேல் எங்கே போயிற்று?

முதலில் தெறிப்பைத்தான் சந்தேகித்தேன். தண்ணீர் வற்றும் தறுவாயில் உப்பு படபடவென்று வெடித்துக் கிண்ணத்துக்கு வெளியே விழுந்தது உண்மை. அடுத்த முறை அனலைக் குறைத்து, மேலே ஒரு தட்டைச் சாய்த்து மூடினேன். 31.6. அப்புறம் ஜாடியைப் படித்த விதத்தில் சந்தேகம். மேலிருந்து குனிந்து பார்த்தால் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும் அல்லவா? கண்ணை நீர்மட்டத்துக்கு நேரே இறக்கி, வளைவின் அடிப்பகுதியை 100 கோட்டில் நிறுத்தி மறுபடியும் செய்தேன். பெரிய மாற்றமில்லை.

மகள்தான் கேட்டாள்: "அப்பா, நீங்க அளந்தது தண்ணியா, உப்புத் தண்ணியா?"

அங்கேதான் விஷயம் இருந்தது. அந்த 100 மி.லி. கரைசலைத் தராசில் வைத்தோம்: 119.8 கிராம். அதில் உப்பு 31.7 என்றால் தண்ணீர் 88.1 கிராம்தான். 31.7-ஐ 88.1-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 36! உப்பு எங்கும் போகவில்லை. நான்தான் கரைசலைத் தண்ணீர் என்று எண்ணிவிட்டேன்.

பிறகு நேர்வழியில் செய்தோம். 250 மி.லி. ஜாடியில் 100 மி.லி. தண்ணீர், அதில் 35 கிராம் உப்பு. கரைந்து தெளிந்ததும் மட்டம் 112-க்கும் 114-க்கும் நடுவில் நின்றது. அந்த உப்புக் கட்டியின் பருமன் மட்டுமே 16 மி.லி. இருக்கும். ஆனால் மட்டம் 13 தான் ஏறியது. உப்பின் அயனிகள் நீர் மூலக்கூறுகளை நெருக்கி இழுத்துக்கொள்வதால் இந்தச் சுருக்கம். மகள் அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

இதைப் படித்த வாசகர் ஒருவர் எழுதியது: எனக்கும் இப்படி ஒன்று நடந்தது, ஆனால் வெந்நீரில். கொதிநீரில் உப்பு ஏராளமாகக் கரையும், ஆறினால் கொத்தாகப் படிகம் விழும் என்று காத்திருந்தேன். அடியில் ஏதோ துளி படிந்தது, அவ்வளவுதான். 100 டிகிரியிலும் 100 கிராம் தண்ணீரில் கரைவது 39 கிராம்தான். போதாததற்கு, கொதிநீர் 100 மி.லி. என்பது 96 கிராம்தான் இருக்கும். நான் அதை 100 கிராம் என்று கணக்கிட்டிருந்தேன். பொட்டாசியம் நைட்ரேட் அப்படியில்லை. 20 டிகிரியில் 32 கிராம் கரைவது, கொதிநிலையில் 240-ஐத் தாண்டிவிடும். பிற்பாடு அதை ஆய்வகத்தில் ஆறவைத்துப் பார்த்தேன். குழாய் முழுக்க ஊசி ஊசியாகப் படிகம் இறங்கியது.