கட்டைவிரலை நெரிக்காத, சீக்கிரம் உடையாத தம்ப் பிக் எது?

ஆறாம்தந்தி:
அக்கூஸ்டிக் கிடாரில் டிராவிஸ் பிக்கிங் (கட்டைவிரல் பேஸ் தந்திகளில் தாளம் போட, மற்ற விரல்கள் மெலடி வாசிக்கும் முறை) பழகுகிறேன், ஸ்டீல் தந்தி. கையில் இருப்பது சாதாரண பிளாஸ்டிக் தம்ப் பிக், கட்டைவிரலில் வளையமாக மாட்டி நுனியால் தந்தியை அடிப்பது. மீடியம் போட்டால் கொஞ்ச நேரத்தில் விரல் சிவந்து மரத்துப் போகிறது, லார்ஜ் போட்டால் வியர்வையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நுனியும் நீளம், பக்கத்துத் தந்தியில் மாட்டுகிறது. விலை கூடினாலும் பரவாயில்லை, எதை வாங்கலாம்?

மரப்பெட்டி:
வாங்குவதற்கு முன் அந்த லார்ஜைச் சரிசெய்து பாருங்கள். செல்லுலாய்டு பிக் என்றால், நன்றாகச் சுடும் தண்ணீரில் இடுக்கியால் பிடித்துச் சில வினாடி முக்குங்கள், இளகியதும் வளையத்தை விரல் அளவுக்கு அழுத்திப் பிடித்து அப்படியே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். லைட்டர், மெழுகுவத்திப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது, குப்பென்று பற்றிக்கொள்ளும். வழுக்கலுக்கு, வளையத்தின் உள்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். அப்புறம் எங்கே மாட்டுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். வளையம் மூட்டின் மேல் ஏறக்கூடாது, நகத்தின் அடிப்பக்கத்தில் உட்கார வேண்டும்.

வெறுங்கை:
பிக்கே எதற்கு? ஜாஸ் கிடார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரி வெறும் கட்டைவிரலால்தானே வாசித்தார்.

மரப்பெட்டி:
அவர் வாசித்தது எலெக்ட்ரிக்கில், ஜாஸ். டிராவிஸ் பிக்கிங்கில் உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் (கிடார் உடலில் தந்திகள் மாட்டியிருக்கும் கட்டை) பக்கம் வைத்து பேஸ் தந்திகளை அமுக்கிக்கொண்டே கட்டைவிரல் மாறி மாறி அடிக்கிறது. அமுக்கிய தந்தியை வெறும் சதையால் தட்டினால் சத்தம் மொத்தையாகிவிடும், மேல்தந்தி மெலடிக்கு அடியில் தாளம் தனியாகக் கேட்காது. கென்டக்கிக்காரர் மெர்ல் டிராவிஸும் அவரைப் பின்பற்றிய செட் அட்கின்ஸும் தம்ப் பிக் போட்டுத்தான் வாசித்தார்கள்.

நைலான்_மனசு:
நீடித்து உழைக்க வேண்டுமானால் டெல்ரின் என்ற கடினமான, வழுவழுப்பான பிளாஸ்டிக் பக்கம் போங்கள். ஃப்ரெட் கெல்லியின் ஸ்லிக் பிக் அந்தப் பொருளில் கிடைக்கிறது. சுற்றுக்கம்பி போட்ட பேஸ் தந்திகள் அரம் மாதிரி, செல்லுலாய்டின் ஓரத்தைச் சீக்கிரம் தின்றுவிடும், டெல்ரின் மெதுவாகத்தான் தேயும். தந்தியில் மாட்டாமல் வழுக்கிப் போவதும் அதன் குணம். ஆனால் சுடுதண்ணீர் வைத்தியம் இதற்குப் பலிக்காது, அதனால் அளவு முதலிலேயே பொருந்த வேண்டும். என்னைக் கேட்டால் அளவுதான் முதல், பொருள் இரண்டாவது.

ஆறாம்தந்தி:
நன்றி. ஸ்பிரிங் வைத்த பிளாக் மவுண்டன் தம்ப் பிக் எப்படி? என்னிடம் இருப்பதன் நுனியை வெட்டலாமா?

நைலான்_மனசு:
மரத்துப் போகிற விரலுக்கு அது நல்ல வழிதான். வளையம் ஒரே துண்டாக இல்லாமல் ஸ்பிரிங்கில் திறந்து மூடுவதால் விரலின் பருமனுக்கு ஏற்ப விரிந்துகொடுக்கும். சாதாரண பிக்கைவிடக் கொஞ்சம் பருமனாகத் தெரியும், கைக்குப் பழக வேண்டும்.

மரப்பெட்டி:
நுனியை வெட்டாதீர்கள், விரிசல் விடும். நகம் தேய்க்கும் அரத்தால் கொஞ்சம் தேய்ப்பது, மாட்டி வாசித்துப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது என்று போங்கள், அதிகம் போனால் திரும்ப வராது. கடைசியில் நைசான உப்புத்தாளால் ஓரத்தை மழமழப்பாக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு அடியிலும் கரகரவென்று கேட்கும். வளையம் மடங்கும் இடத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அந்த பிக்கை மாற்றிவிடுங்கள், அடுத்து உடைவது அங்கேதான்.