டிரைவைக் கையால் தள்ளினால் போதுமா? கம்பி தேவையில்லை என்றவர் வந்து பதில் சொல்லட்டும்

ஏரிக்காற்று
போன வைகாசியில் வல்வைக்காரன் அண்ணா இங்கே எழுதியதை முதலில் அப்படியே எடுத்து வைக்கிறேன். பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று யாரும் நழுவக் கூடாது. "ஸ்டேர்ன் டிரைவைக் கழற்றிப் பூட்டுகிறவனுக்கு அலைன்மென்ட் கம்பி தேவையில்லை. கையால் தள்ள டிரைவ் உள்ளே போனால் எஞ்சின் நேராக நிற்கிறது என்றுதான் அர்த்தம்."

புதிதாக வருகிறவர்களுக்கு: ஸ்டேர்ன் டிரைவ் என்றால் எஞ்சின் படகுக்குள் இருக்க, புரொப்பெல்லரைச் சுழற்றும் பாகம் (டிரைவ்) படகின் பின்பக்கம் வெளியே பூட்டியிருப்பது. அலைன்மென்ட் கம்பி என்பது எஞ்சின் டிரைவுக்கு நேராக நிற்கிறதா என்று உள்ளே விட்டுப் பார்க்கும் கருவி.

அண்ணா சொன்னதை நம்பினேன். என்னுடையது 1998 ஆம் ஆண்டு 19 அடிப் படகு, டிரைவ் மெர்குரூசர் ஆல்பா வன். டிரைவின் தண்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் மூடும் பெல்லோஸ் றப்பரில் வெடிப்புத் தெரிந்தது. அது கிழிந்தால் படகுக்குள் தண்ணீர் வரும் என்பதால் டிரைவை இறக்கி, பெல்லோஸையும், தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கையும் நானே மாற்றினேன். ஆறு நட்டுகளையும் 50 அடி-இறாத்தலுக்கு முறுக்கினேன். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி, கம்பி ஒன்றைத் தவிர.

ஆவணியில், கனடாவின் சிம்கோ ஏரியில், ஜாக்சன்ஸ் பொயின்ட்டுக்கு எதிரே, எஞ்சின் உறுமுகிறது, படகு அசையவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். கப்ளரின் பற்கள் மழிந்து போயிருந்தன. கப்ளர்தான் எஞ்சினின் சுழற்சியை டிரைவின் தண்டுக்குக் கொடுப்பது. அது இருப்பது எஞ்சினின் பின்பக்கம், ஃப்ளைவீலில். அதை மாற்ற எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். 3,400 டொலர் கட்டிவிட்டு வந்து எழுதுகிறேன். பதில் சொல்லுங்கள் அண்ணா.

வல்வைக்காரன்
தம்பி, நான் ஏன் நழுவப் போகிறேன்? அன்று எழுதியதையே இன்றும் எழுதுகிறேன். கம்பி தேவையில்லை. 14 வருடமாக ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் டிரைவை இறக்குகிறேன், ஒவ்வொரு வசந்தத்திலும் ஏற்றுகிறேன். கம்பியைக் கையால் தொட்டதில்லை. வாங்கிய அன்று இருந்த கப்ளர்தான் இன்றும் இருக்கிறது.

உங்கள் படகுக்கு என்ன வயது? கப்ளருக்கும் அதே வயது. பற்களுக்குக் கிரீஸ் பூசினீர்களா? நீளமாக எழுதியிருக்கிறீர்கள், அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஏரிக்காற்று
கிரீஸ் பூசினேன். படம் இருக்கிறது.

முத்துநகர்
அண்ணாச்சி, பழமொழியை நீங்களே எடுத்துக் கொடுத்தீர்களே! இங்கே கூடம் உண்மையிலேயே கோணல். அதைத்தானே தம்பி கத்துகிறார்.

டிரைவிலிருந்து உள்ளே போகிற தண்டு யு ஜாயின்ட்டில் தொங்குகிறது. சாய்த்த பக்கம் சாயும். கிம்பல் பேரிங்கோ தன் கூட்டுக்குள் புரளும்படி செய்யப்பட்டது. கப்ளரின் நடுவில் ரப்பர். இந்த மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால், எஞ்சின் மூக்கு சற்று இறங்கி நின்றாலும் டிரைவ் உள்ளே போகும். போனபின் ஒவ்வொரு சுற்றிலும் பல்லும் ரப்பரும் அரைபடும். நீங்கள் கிரீஸ் பூசி, அவ்வளவு கனத்தையும் தோள் கொடுத்துத் தள்ளுகிறீர்கள். அதில் இறுக்கம் கைக்கு எப்படித் தெரியும்?

கம்பி வளையாது. முனையில் கிரீஸ் பூசி, பேரிங் வழியாகக் கப்ளருக்குள் விட்டு வெளியே இழுத்தால் பற்களின் தடம் சுற்றிலும் ஒரே மாதிரி விழுந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் அழுத்தமாகவும் எதிர்ப்பக்கம் வெறுமையாகவும் இருந்தால், எஞ்சினைத் தாங்கும் முன் மவுண்டின் நட்டைத் திருப்பி எஞ்சினை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். இதற்கு அரை மணி நேரம் ஆகுமா?

வல்வைக்காரன்
டிரைவின் தண்டும் இரும்புக் கம்பிதான். அதே பேரிங், அதே கப்ளர், அதே வழி. அது போனால் போதும். ஒரு கம்பி போகுமா என்று பார்க்க இன்னொரு கம்பி எதற்கு? 14 வருடம் ஐயா.

கணக்குப்பிள்ளை
நான் கணக்கு மட்டும் சொல்கிறேன். கம்பி ஏறத்தாழ 100 டொலர். இரவல் வாங்கினால் ஒரு காப்பி. ஏரிக்காற்று கட்டியது 3,400. வல்வைக்காரன் கட்டியது சுழியம். ஆகவே வல்வைக்காரனின் முறை மலிவு, வல்வைக்காரனாகப் பிறந்தவருக்கு மட்டும்.

வல்வைக்காரன்
கிண்டல் போதும். நீங்கள் கியர் ஒயிலை மேல் ஓட்டையால் ஊற்றுகிறவர் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை
ஒருமுறை. ஒரே ஒருமுறை ஊற்றினேன். அதுவும் 2016 இல். கீழ் ஓட்டையிலிருந்து பம்ப் பண்ணி, மேலே காற்றுக் குமிழ் இல்லாமல் ஒயில் வழியும்வரை ஏற்ற வேண்டும் என்று மறுநாளே திருத்திக்கொண்டேன். உங்களைப் போல 14 வருடம் அதே தவறில் உட்கார்ந்திருக்கவில்லை.

பழைய வள்ளம்
பிள்ளைகளே, கம்பி, கம்பி என்று சத்தம் போடுகிறீர்கள். குளிர்காலத்தில் டிரைவை மேலே தூக்கிவிட்டு நிறுத்துகிறவர்களைப் பற்றி யாராவது பேசுங்கள். பனி தொடங்குமுன் டிரைவை முழுவதும் கீழே இறக்கி வைக்க வேண்டும். உள்ளே நின்ற தண்ணீர் வடியும், பெல்லோஸும் இழுபடாமல் இருக்கும். பாதி வெடிப்பு வருவதே தூக்கி வைப்பதால்தான்.

இன்னொன்று. வல்வைக்காரன் 2019 இல் என்னிடம் ஒரு பேரிங் புல்லர் வாங்கினார். கிம்பல் பேரிங்கை இழுக்கும், சுத்தியல் பூட்டிய பெரிய புல்லர். இன்னும் வரவில்லை. நினைவூட்டுகிறேன்.

முத்துநகர்
புல்லரையும் அவர் கையாலேயே இழுத்திருப்பார் ஐயா. கருவி எதுவும் அவருக்குத் தேவைப்படாது.

வல்வைக்காரன்
உங்களுக்குச் சிரிப்பு. என் அப்பாவும் அவருடைய அப்பாவும் கடலில் நின்றவர்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைத் தொட்டது. ஓட்டிப் போனவர்கள் எங்கள் ஊர் மாலுமிகள். அவர்கள் கையில் எந்த அலைன்மென்ட் கம்பி இருந்தது? கண்ணும் கையும்தான் இருந்தன.

முத்துநகர்
அன்னபூரணிக்கு என் வணக்கம். ஆனால் அதில் இருந்தது பாய் அண்ணாச்சி, கப்ளர் இல்லை. எங்கள் தூத்துக்குடித் தோணிகளும் பாய் கட்டிக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போனவைதான். அந்தப் பெருமையை வைத்து எஞ்சின் மவுண்டைத் திருப்ப முடியாது. ஸ்டேர்ன் டிரைவ் கடைக்கு வந்ததே 1959 இல், வோல்வோ பென்டா கொண்டுவந்த அக்குவாமேட்டிக்கோடு. உங்கள் பாட்டனாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வல்வைக்காரன்
தோணியையும் மூன்று பாய்மரக் கப்பலையும் ஒன்றாக்காதீர்கள்.

முத்துநகர்
அது இரண்டு பாய்மரம். உங்கள் ஊர்க் கப்பல், நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வல்வைக்காரன்
இரண்டோ மூன்றோ, அத்திலாந்திக்கைக் கடந்தது. உங்கள் தோணி கடந்ததா?

ஏரிக்காற்று
அண்ணா, நான் கேட்டது கப்பலைப் பற்றி அல்ல. "கையால் தள்ளப் போனால் எஞ்சின் நேர்" என்று எழுதியது சரியா, தவறா?

வல்வைக்காரன்
சரி. கையால் தள்ளப் போகும். போனது. 14 முறை போனது.

ஏரிக்காற்று
எனக்கும் போனது! அதுதானே என் முறைப்பாடு. வெண்ணெய்க்குள் கத்தி போவது போலப் போனது. உங்கள் சொல்லை நினைத்து அன்று சந்தோஷப்பட்டேன்.

சிம்கோவாசி
ஆல்பாவைக் கழற்றும்போதும் பூட்டும்போதும் கியர் முன்னோக்கி இருக்க வேண்டும். ஏரிக்காற்று அதைச் செய்தாரா? மேலும், அது கிம்பல் அல்ல, ஜிம்பல் என்பார்கள்.

ஏரிக்காற்று
செய்தேன். செய்யாவிட்டால் கியர் மாற்றும் தண்டு பொருந்தாது. அதற்கும் கப்ளருக்கும் சம்பந்தமில்லை.

கணக்குப்பிள்ளை
மெர்குரூசர் கைநூலைத் தமிழில் போட்டால் "கி" எழுதுவதா "ஜி" எழுதுவதா என்று ஒரு குழு அமைக்கலாம். அதற்குத் தலைவர் சிம்கோவாசி.

சிம்கோவாசி
உச்சரிப்பைத் திருத்தினால் ஏன் இவ்வளவு கோபம்? ஜிம்பல். நான் அறிந்த வெள்ளைக்கார மெக்கானிக் எல்லோரும் ஜிம்பல் என்றுதான் சொல்கிறார்கள்.

முத்துநகர்
விட்ட இடத்துக்கு வருகிறேன். அண்ணாச்சியின் 14 வருடத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அவருடைய எஞ்சினை முதலில் நேராக வைத்தவர் தொழிற்சாலைக்காரர், கம்பி வைத்து. அது அசையாதவரை கையால் தள்ளினாலும் காலால் தள்ளினாலும் ஒன்றுதான். ஆனால் எஞ்சின் உட்கார்ந்திருப்பது மவுண்டின் மேல். மவுண்ட் உட்கார்ந்திருப்பது படகின் அடியில் ஓடும் மரத்தின் மேல். 1998 படகில் அந்த மரம் நீர் ஊறி மெத்தென்று ஆகியிருந்தால் எஞ்சின் மெல்ல இறங்கும். வருடம் ஒருமுறை கம்பி விட்டுப் பார் என்று சொல்வது அதற்காகத்தான். அவருக்கு நடக்காதது தம்பிக்கு நடந்தது. இதில் வல்வைக்கும் தூத்துக்குடிக்கும் என்ன சண்டை?

வல்வைக்காரன்
என் படகின் மரம் உளுத்தது என்கிறீர்களா?

முத்துநகர்
உங்கள் படகு உளுத்தது என்று எங்கே எழுதினேன்?

வல்வைக்காரன்
"மெத்தென்று" என்று எழுதினீர்கள். எல்லோரும் பார்த்தார்கள். என் படகை வாங்க வருகிறவன் நாளை இதைப் படிப்பான்.

கணக்குப்பிள்ளை
ஓ, படகு விற்பனைக்கா? எவ்வளவு?

வல்வைக்காரன்
உங்களுக்கு இல்லை.

மட்டுறுத்துநர்
தனிப்பட்ட தாக்குதலைத் தவிர்க்கவும். கப்பல் வரலாற்றுக்கு வேறு பகுதி இருக்கிறது. இங்கே டிரைவ் பராமரிப்பு மட்டும்.

சிம்கோவாசி
மட்டுறுத்துநருக்கு ஒரு கேள்வி: ஜிம்பலா, கிம்பலா?

பழைய வள்ளம்
மட்டுறுத்துநருக்கு நானும் ஒன்று சொல்கிறேன். இரவல் வாங்கிய கருவியைத் திருப்பித் தருவதும் டிரைவ் பராமரிப்பில் அடங்கும்.

ஏரிக்காற்று
கராஜில் கம்பி விட்டபோது கூடவே நின்று பார்த்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு என் எஞ்சின் நேராகத்தான் நின்றது என்று கிளம்பாதீர்கள். முதல்முறை கம்பி பாதி வழியில் நின்றது. பேரிங்கை அது புரளும் பக்கமெல்லாம் புரட்டி நேராக்கினார்கள். அதன் பிறகும் கிரீஸில் ஒரு பக்கம்தான் தடம் விழுந்தது. முன் மவுண்டுகளில் பூட்டு நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் கிரீஸைத் துடைத்துப் புதிதாகப் பூசி, ஐந்தாவது முறை கம்பி இரண்டு விரலில் போய் வந்தது. தடம் சுற்றிலும் ஒரே சீர். இரண்டு விரல் அண்ணா. கையும் தோளும் அல்ல.

வல்வைக்காரன்
கராஜில் 3,400 டொலர் வாங்கியவன் ஐந்து முறை அல்ல, ஐம்பது முறையும் கம்பி விட்டுக் காட்டுவான். மணிக்கணக்கில் கூலி. உங்கள் எஞ்சினை வெளியே எடுத்து மறுபடி வைத்தவனும் அவன்தானே? கோணலாக வைத்தவனே நிமிர்த்திக் காட்டினான். பழைய எஞ்சின் இருப்பில் கம்பி விட்டுப் பார்த்தானா? அதற்குச் சாட்சி எங்கே?

ஏரிக்காற்று
எடுப்பதற்கு முன்பு பார்த்தார்களா என்று நான் கேட்கவில்லை.

வல்வைக்காரன்
ஆ! கேட்கவில்லை. அவ்வளவுதான். வழக்கு முடிந்தது.

முத்துநகர்
வழக்கு எங்கே முடிந்தது? மழிந்த கப்ளர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததா, சுற்றிலும் தேய்ந்திருந்ததா என்று பார்த்தால் தெரிந்துவிடும். தம்பி, பழைய கப்ளர் கையில் இருக்கிறதா?

ஏரிக்காற்று
அங்கேயே போட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை
3,400 டொலர் கட்டியவர் பழைய உதிரிப் பாகத்தைக் கேட்டு வாங்காமல் வருவாரா? இரண்டு தரப்பும் இதில் ஒரே பள்ளியில் படித்தவர்கள் போலிருக்கிறது.

ஏரிக்காற்று
என்னைக் கிண்டல் செய்யத்தான் உங்களுக்கு வருமா? சரி, வல்வைக்காரன் அண்ணாவுக்கு ஒரு வழி சொல்கிறேன். நான் இப்போது கம்பி வாங்கிவிட்டேன். இந்தச் சனிக்கிழமை உங்கள் டிரைவ் எப்படியும் இறங்கப் போகிறது. நான் கெஸ்விக்கிலிருந்து கொண்டு வருகிறேன். ஒரே ஒருமுறை விட்டுப் பார்த்து, கிரீஸ் தடத்தைப் படம் பிடித்து இங்கே போடுவோம்.

வல்வைக்காரன்
என் எஞ்சினுக்கு யாரும் கம்பி விட வேண்டாம். 14 வருடம் ஓடுகிற எஞ்சினுக்குச் சோதனை எதற்கு?

முத்துநகர்
பயமா அண்ணாச்சி?

வல்வைக்காரன்
பயம் என்ற சொல்லை எங்கள் ஊரில் வந்து சொல்லிப் பாருங்கள்.

பழைய வள்ளம்
சனிக்கிழமை ஏரிக்காற்று அங்கே போனால் என் புல்லரையும் எடுத்து வரட்டும்.

வல்வைக்காரன்
ஐயா, அந்தப் புல்லரை நான் எப்போதோ தந்துவிட்டேன். உங்கள் வீட்டு வாசலில் வைத்து உங்கள் மகன் கையில் கொடுத்தேன்.

பழைய வள்ளம்
எனக்கு மகன் இல்லை. இரண்டும் பெண் பிள்ளைகள்.

வல்வைக்காரன்
அப்படியென்றால் மருமகனாக இருக்கும். கம்பி தேவையில்லை.