ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் மனைவிக்குச் செவிலியர் பணி: குடும்பத்தோடு போகலாமா?

செல்லூர்த் தறிமகன்:

அனைவருக்கும் வணக்கம். மதுரை செல்லூரில் மூன்று தலைமுறையாகத் தறி ஓட்டிய குடும்பம் எங்களுடையது. அப்பா காலமானதும் தறிகளை விற்றுவிட்டோம். நான் சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்துவருகிறேன். ஒன்பது ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கும் என் மனைவிக்கு, ஸ்காட்லாந்தின் வடமேற்கே வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஒன்றான லூயிஸில், ஸ்டோர்னோவே என்ற ஊரில் பணி வாய்ப்பு வந்திருக்கிறது. அவளுடன் படித்தவர்கள் லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் போயிருக்கிறார்கள். தீவுக்குப் போனவர் ஒருவரும் இல்லை. மகளுக்கு 7 வயது, எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 68 வயது.

உறவினர்கள் எல்லோரும் குளிரைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ அம்மாவை என்ன செய்வது, அங்கே போய் நான் என்ன செய்வேன், அவசரமென்றால் ஊர் திரும்ப முடியுமா என்பவைதான் கவலைகள். தீவில் குடியேறுவோருக்கு அந்நாட்டு அரசு 50,000 பவுண்டு தருகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி உண்மையா என்றும் யாராவது சொன்னால் நன்று.

மேலூர்ச் செவிலி:

வணக்கம் அண்ணா. நான்கு ஆண்டுகளாக இதே தீவில் பணிபுரிகிறேன். குளிரை நினைத்து அஞ்ச வேண்டாம். வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் இருப்பதால் ஜனவரியிலும் வெப்பம் பெரும்பாலும் 2 முதல் 7 டிகிரி வரை இருக்கும். பனி விழுந்தாலும் நெடுநாள் தங்குவதில்லை. ஆளை அசைப்பது காற்றுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்போம் நாம். இங்கே மார்கழியிலும் தையிலும் அந்த அம்மிக்கு ஓய்வே கிடையாது.

காற்றைவிடவும் கடினமானது வெளிச்சம். மதுரையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல் என்பதால், நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை. இங்கே டிசம்பரில் காலை 9 மணிக்கு மேல் உதிக்கும் சூரியன் பிற்பகல் மூன்றரை மணியளவில் மறைந்துவிடும். பகல் பணியில் இருப்பவர் விடுமுறை நாளில்தான் வெயிலைப் பார்க்க முடியும். ஜூனிலோ இரவு பத்தரைக்கு மேலும் வெளிச்சம் இருப்பதால் குழந்தைகளைத் தூங்கவைப்பது பெரும்பாடு. நான் மே மாதம் வந்து சேர்ந்து, சொர்க்கம் இதுதான் என்று அம்மாவிடம் தொலைபேசியில் அளந்துவிட்டு, டிசம்பரில் படுக்கையை விட்டு எழ மனமில்லாமல் கிடந்தேன். வசந்தத்தில் வாருங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முடிந்தால் அக்டோபரில் வந்து, கடினமானதை முதலில் பார்த்துவிடுங்கள் என்பேன்.

ஊர் திரும்புவது பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் பெருநிலக் கரையில் உள்ள அல்லாபூல் துறைமுகத்துக்குக் கப்பலில் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். கிளாஸ்கோவுக்கு விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம். புயல் அடித்தால் இரண்டும் நின்றுவிடும். கப்பல் இரண்டு நாள் வராவிட்டால் கடைகளில் ரொட்டியும் காய்கறியும் தீர்ந்துபோகும். என் தந்தை இறந்த செய்தி அப்படியொரு நாளில் வந்தது. மேலூர் வந்து சேர்ந்தபோது காடாற்றும் முடிந்திருந்தது. அதில் யார்மீதும் குற்றமில்லை, கடல் அப்படி.

வாடகைக்கு வீடு கிடைப்பது அரிது என்பதால், முதல் ஆறு மாதத்துக்காவது தங்குமிடம் தர இயலுமா என்று பணி தருவோரிடம் எழுத்தில் கேளுங்கள். கார் இல்லாமல் காலம் தள்ள முடியாது. இந்திய ஓட்டுநர் உரிமம் 12 மாதங்கள்தான் செல்லும், பிறகு இங்கே தேர்வு எழுதி, ஓட்டியும் காட்ட வேண்டும். பேருந்துக்குக் காத்திருந்து நனைந்த கதை தனி.

கிளாஸ்கோவாசி:

50,000 பவுண்டு செய்தி பழையது. 2021இல் தீவுகளில் குடியேறும் 100 குடும்பங்களுக்கு அவ்வளவு தொகை வரை தரும் திட்டமொன்றை ஸ்காட்லாந்து அரசு முன்வைத்தது உண்மை. மக்களிடம் கருத்துக் கேட்ட பின் 2022இல் அதைக் கைவிட்டுவிட்டது.

பணி ஆணையில் என்ன பதவி என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். பதிவுபெற்ற செவிலியர் கணவரையும் குழந்தையையும் அழைத்துவரலாம். பராமரிப்புப் பணியாளர் விசாவில் வந்தோருக்கு 2024 மார்ச்சில் அந்த வாய்ப்பு நிறுத்தப்பட்டது. 2025 ஜூலையில், வெளிநாட்டிலிருந்து புதிதாக வருவோருக்கு அந்த விசாவே நிறுத்தப்பட்டுவிட்டது. பணி விசாவில் இருக்கும்வரை அம்மாவை நிரந்தரமாக அழைத்துவர முடியாது. நீங்கள் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்ற பிறகும் அது ஏறக்குறைய நடவாத காரியம். அவருக்குத் தேவையான பராமரிப்பு, பணம் செலவழித்தாலும் இந்தியாவில் கிடைக்காது என்று மெய்ப்பிக்கச் சொல்வார்கள். மதுரையில் இருந்துகொண்டு அதை எப்படி மெய்ப்பிப்பது? பார்வையாளர் விசாவில் ஆறு மாதம் வரை வந்து தங்கலாம்.

உங்கள் குடும்பத் தொழிலைப் படித்ததும் எனக்கு ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணி நினைவுக்கு வந்தது. லூயிஸும் ஹாரிஸும் ஒரே நிலப்பரப்பு. அந்தத் துணியை வெளி ஹெப்ரிடீஸ் தீவுவாசிகள் தங்கள் வீட்டில் கையால் நெய்தால்தான் அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம் என்று 1993இல் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். ஆலையிலிருந்து பாவும் (நெடுக்கு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) வீட்டுக்கு வரும். மின்சாரம் இல்லாமல், மிதிவண்டி போலக் காலால் மிதித்து ஓட்டும் தறியில் நெய்து திருப்பி அனுப்ப வேண்டும். துணைவர் விசாவில் சுயதொழில் செய்யத் தடையில்லை. ஆனால் ஆலை தரும் வேலையைப் பொறுத்தே வருமானம் என்பதால், இதை நம்பி மட்டும் புறப்பட்டுவிடாதீர்கள்.

திருமங்கலத்தார்:

தம்பி, அம்மாவுக்குத் துணை யார் என்பதைத் தீர்மானிக்காமல் மற்ற எதையும் பேசிப் பயனில்லை. வயல் வீட்டில் தனியே இருந்த என் அக்காவுக்கு மாதந்தோறும் பணம் வந்தது, பேச ஆள்தான் இல்லை. கூடப்பிறந்தவர்கள் பக்கத்தில் இருக்கிறார்களா என்பதை நீங்கள் எழுதவில்லையே.

செல்லூர்த் தறிமகன்:

தங்கை ஆரப்பாளையத்தில்தான் இருக்கிறாள் ஐயா. அம்மாவை வைத்துக்கொள்ள அவளும் மாப்பிள்ளையும் ஒப்புகிறார்கள், அம்மாதான் மகள் வீட்டில் நிரந்தரமாகத் தங்கமாட்டேன் என்கிறார். ஆகவே மனைவி மட்டும் அக்டோபரில் முன்னே போய்க் குளிர்காலத்தைக் கடக்கட்டும், பள்ளியாண்டு முடிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு நான் போவது பற்றி அதற்குள் முடிவெடுப்போம் என்று நேற்றிரவு பேசிக்கொண்டோம். பதவியின் பெயரைப் பார்த்துவிட்டேன். பதிவுபெற்ற செவிலியர் என்றே இருக்கிறது. தங்குமிடம் பற்றி இன்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறோம். கிளாஸ்கோ அண்ணன் சொன்ன தறியைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். கையால் நெய்வது என்கிறார்கள், காலால் மிதிப்பது என்கிறார்கள், அப்படியென்றால் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை யார் எறிவது என்று கேட்கிறார். மேலூர்ச் சகோதரி அக்கம்பக்கத்தில் யாரிடமாவது விசாரித்து எழுத இயலுமா?