புதிய கேஸ் கிரில்: நன்றாக எரிகிறது, திடீரென்று அடங்கிவிடுகிறது. அவசரம்!

எடிசன்_புதுவீடு | வியாழன், இரவு 9.12

வணக்கம். நியூஜெர்சி மாநிலம் எடிசனில் இருக்கிறேன். புதிய கேஸ் கிரில் வாங்கி, வீட்டின் பின்புறம் ஏற்கெனவே இருந்த கேஸ் குழாயில் இணைத்துவிட்டேன். உடனே பற்றுகிறது, நன்றாகவும் எரிகிறது. பிறகு திடீரென்று தீ கடுகளவாகச் சுருங்கிவிடுகிறது. ஓரத்து பர்னர் அணைந்தே போகிறது. கொஞ்ச நேரம் கழித்து மற்றவை தாமாகவே எழும்புகின்றன. சனிக்கிழமை புத்தாண்டு விருந்து, ஆட்களை அழைத்தாகிவிட்டது. என்ன கோளாறு? விரைவாகச் சொல்லுங்கள்.

ஸ்கார்பரோ_தாசன் | 9.20

தம்பி, இதை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது? கிரில் எந்த வகை, இயற்கை எரிவாயுவுக்கானதா, சிலிண்டருக்கானதா? பின்பக்கத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது? ஹோஸ் கிரில்லோடு வந்ததா, தனியாக வாங்கியதா? ரெகுலேட்டர் இருக்கிறதா? இணைத்தது நீங்களா, பிளம்பரா? கசிவு பார்த்தீர்களா?

தோட்டக்காரன் | 9.31

சிலந்தி. நூற்றுக்குத் தொண்ணூறு சிலந்திதான். பர்னர் குழாய்க்குள் வலை கட்டிவிட்டால் காற்றும் வாயுவும் சரியாகக் கலக்காது. சிரிக்க வேண்டாம். 2011இல் மாஸ்டா நிறுவனம் எரிபொருள் ஆவிக்குழாயில் சிலந்தி வலை கட்டுகிறது என்பதற்காகவே ஆயிரக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. குழாய்களைக் கழற்றி நீளத் தூரிகையால் துடையுங்கள்.

குழாய்மணி (மூத்த உறுப்பினர்) | 9.44

பெட்டியிலிருந்து நேற்று வெளியே வந்த கிரில்லில் எந்தச் சிலந்தி குடியேறும்?

இங்கே தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் வழக்கம் அடியோடு ஒழிந்துவிட்டது. ஆண்டுதோறும் வசந்தம் வந்ததும் இதே கேள்வி. புரொப்பேன் கிரில்லை வாங்கி இயற்கை எரிவாயுக் குழாயில் மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான். ஒரு கன அடி புரொப்பேனில் ஏறத்தாழ 2,500 பி.டி.யு. (வெப்ப அலகு) வெப்பம், இயற்கை எரிவாயுவில் சுமார் 1,030. புரொப்பேன் கிரில்லுக்கு 11 அங்குல உயரத் தண்ணீருக்குச் சமமான அழுத்தம் வேண்டும், இயற்கை எரிவாயு கிரில்லுக்கு 4 அங்குலம் போதும். புரொப்பேனுக்காகப் போட்ட ஊசித் துளையில் இயற்கை எரிவாயுவை விட்டால் தீ கடுகளவாகத்தான் இருக்கும். கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படித்துப் பார்த்து வாங்கவும்.

மும்பை_பாலு | 9.58

மணி ஐயா சொல்வது சரி. எங்கள் குடியிருப்பில் சிலிண்டரை விட்டுக் குழாய் எரிவாயுவுக்கு மாறியபோது வந்தவர்கள் முதலில் செய்த வேலை அடுப்பின் நாசில்களைக் கழற்றிப் பெரிய துளை உள்ளவற்றைப் போட்டதுதான். இங்கே அழுத்தம் சிலிண்டர் ரெகுலேட்டரில் 30 மில்லிபார், குழாய் எரிவாயு 21 மில்லிபார்.

இன்னொன்று: சிலிண்டர் வால்வைச் சட்டென்று முழுவதும் திறந்தால் அமெரிக்க ரெகுலேட்டர்கள் கசிவென்று எண்ணி வாயுவைக் குறைத்துவிடுமாம். எல்லாவற்றையும் மூடி, ஓரிரு நிமிடம் பொறுத்து, மெல்லத் திறந்து பாருங்கள்.

ஸ்கார்பரோ_தாசன் | 10.03

பாலு, அவரிடம் சிலிண்டரே இல்லை.

எடிசன்_புதுவீடு | 10.40

தகட்டில் இயற்கை எரிவாயு என்றுதான் இருக்கிறது, மணிக்கு 48,000 பி.டி.யு. ஹோஸ், ரெகுலேட்டர் எல்லாம் அதே பெட்டியில் வந்தவை. இணைத்தது நான்தான். கைப்பிடி குழாயோடு நேராக இருக்கிறது, அதாவது வால்வு முழுவதும் திறந்திருக்கிறது. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. எல்லா இணைப்பிலும் வெள்ளை டேப் சுற்றியிருக்கிறேன். வேறு என்ன?

குழாய்மணி | 10.47

எல்லா இணைப்பிலுமா? ஃபிளேர் இணைப்பிலுமா? ஐயா, ஃபிளேர் என்பது பித்தளையின் கூம்பு முகமும் கூம்பு முகமும் நேரடியாக அழுந்தி அடைத்துக்கொள்ளும் இணைப்பு. அங்கே மரையில் எதையும் சுற்றக் கூடாது. சுற்றினால் முகங்கள் சரியாக உட்காராது, பிய்ந்த துணுக்கு உள்ளே போய் ரெகுலேட்டரை அடைக்கும். உங்கள் கோளாறு அதுதான். அல்லது ரெகுலேட்டரைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள், உடலில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள்.

விரல்_சுட்டவன் | 10.55

டேப்பே வெள்ளையாக இருக்கக் கூடாது. வெள்ளை தண்ணீருக்கு, மஞ்சள் கேஸுக்கு. மஞ்சள் தடிமன்.

ஸ்கார்பரோ_தாசன் | 11.02

நிறத்தைப் பார்க்காதீர்கள், உறையில் கேஸுக்கு ஏற்றது என்று இருக்கிறதா என்று பாருங்கள். டேப்பைவிடப் பூசுகிற பசை நல்லது என்பது என் கட்சி. சரிவு மரை உள்ள இரும்புக் குழாயில் நுனியில் இரண்டு மரை விட்டுத்தான் பூச வேண்டும்.

விரல்_சுட்டவன் | 11.06

உறையில் என்ன எழுதியிருந்தாலும் ஆய்வாளர் வந்து மஞ்சள் இல்லையென்றால் பிரித்துப் போடச் சொல்வார். எனக்குச் சொன்னார்.

குழாய்மணி | 11.10

ஆய்வாளரை அழைத்திருந்தால்தானே! இங்கே யாராவது நகராட்சியில் அனுமதி வாங்கினார்களா என்று கேட்டார்களா? நாளை ஏதாவது நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அனுமதிச் சீட்டைத்தான்.

தோட்டக்காரன் | 11.15

இருக்கும் குழாயில் ஹோஸ் மாட்டுவதற்கெல்லாமா அனுமதி? கசிந்தால் வாடை காட்டிக்கொடுக்கப் போகிறது.

குழாய்மணி | 11.24

இயற்கை எரிவாயுவுக்கு வாடையே கிடையாது. நாம் முகர்வது கலந்து விடுகிற மெர்காப்டன். அது ஏன் வந்தது தெரியுமா? 1937 மார்ச் 18, டெக்சாஸ் மாநிலம் நியூ லண்டன் பள்ளிக்கூடம். தரைக்குக் கீழே வாயு சேர்ந்துகொண்டே இருந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பொறி. ஏறத்தாழ முந்நூறு பேர், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் டெக்சாஸ் வாடை சேர்ப்பதைச் சட்டமாக்கியது. அப்படியும் புதிய இரும்புக் குழாய் அந்த வாடையை உறிஞ்சிக்கொள்வது உண்டு. மூக்கை நம்பி யாரும் கேஸ் வேலை செய்ய வேண்டாம்.

தோட்டக்காரன் | 11.29

அந்த வரலாறு தெரியாது, நன்றி. ஆனாலும் சோப்புத் தண்ணீர் தடவியிருக்கிறாரே, மூக்கை மட்டும் நம்பவில்லையே.

மினசோட்டா_மீனா | வெள்ளி, காலை 7.05

டேப் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாமா? ஃபிளேரில் உள்ளதை அவர் எடுத்துவிடட்டும், அதில் மணி ஐயா சொல்வது சரி. ஆனால் டேப்போ சிலந்தியோ திரும்பிய ரெகுலேட்டரோ இருந்தால் தீ எப்போதும் குறைவாக இருக்கும். இவருக்கு நன்றாக எரிந்து, அடங்கி, தானாகவே எழும்புகிறது. அடைப்பு அப்படி வந்து வந்து போகாது. வேறு யாரோ அந்த நேரத்தில் வாயுவை இழுத்துக்கொள்கிறார்கள்.

எடிசன் சகோதரரே, தீ அடங்கும் நேரத்தில் வீட்டுக்குள் என்ன ஓடுகிறது? வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் எரிகிறதா? யாராவது குளிக்கிறார்களா? வீடு வாங்கிய பிறகு கேஸில் ஓடும் சாதனம் எதையாவது புதிதாகப் போட்டீர்களா?

எடிசன்_புதுவீடு | 12.30

அது இதற்குச் சம்பந்தமா? பழைய வெந்நீர்த் தொட்டியை எடுத்துவிட்டுத் தொட்டியில்லாத புதிய வாட்டர் ஹீட்டர் பிப்ரவரியில் போட்டோம். நேற்று மாலை பிள்ளைகள் இருவரும் குளித்தார்கள். குளிர் என்பதால் ஹீட்டரும் ஓடிக்கொண்டிருந்தது.

மினசோட்டா_மீனா | 12.41

சம்பந்தம் முழுவதும் அதில்தான். பழைய தொட்டி 40,000 பி.டி.யு. அளவில் எரிந்திருக்கும். தொட்டியில்லாதவை பெரும்பாலும் உச்சத்தில் 199,000 வரை போகும். ஏப்ரலில் நியூஜெர்சித் தண்ணீர் நல்ல குளிர்ச்சி. இரண்டு ஷவர் திறந்தாலே 120,000 இழுக்கும். வீட்டு ஹீட்டர் 80,000 அல்லது 100,000 இருக்கும். உங்கள் கிரில் 48,000. கூட்டினால் மணிக்கு ஏறத்தாழ 250,000 பி.டி.யு., கன அடிக்குச் சுமார் ஆயிரம் என்று வைத்தால் 250 கன அடி அளவில்.

மீட்டரிலிருந்து வரும் தாய்க்குழாய் முக்கால் அங்குலம் என்றால், 50 அடி நீளத்தில் அது அழுத்தம் அதிகம் விழாமல் கொண்டு போவது சுமார் 150 கன அடிதான். வரிசையின் கடைசியில் நிற்கும் உங்கள் கிரில்லுக்கு மிச்சம்தான் கிடைக்கிறது.

பார்க்க வேண்டியவை: மீட்டரின் முகப்பில் மணிக்கு எத்தனை கன அடி என்று போட்டிருக்கும், அதைச் சொல்லுங்கள். தாய்க்குழாயின் அளவும் கிரில் வரைக்கான நீளமும் வேண்டும். பிறகு ஒரு சோதனை. ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்து, வெந்நீர் எங்கும் ஓடாதபோது கிரில்லை மூடியைத் திறந்து வைத்துப் பற்றவையுங்கள். தீ நிலைத்து நின்றதும் ஒருவரை உள்ளே வெந்நீர்க் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். நீலத் தீயின் நுனியைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

மும்பை_பாலு | 12.50

சகோதரி சொல்வது நியாயம். எங்கள் குடியிருப்பில் மாடித் தொட்டி நிறையாத நாளில் கீழ்வீட்டில் குழாய் திறந்தால் மேல்வீட்டில் ஷவர் நின்றுவிடும்.

குழாய்மணி | 1.15

இதைத்தான் நானும் அழுத்தம் என்று முதலிலேயே சொன்னேன்.

ஸ்கார்பரோ_தாசன் | 1.19

நீங்கள் கடைக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னீர்கள் ஐயா.

குழாய்மணி | 1.32

அவர் தகட்டை முதலிலேயே சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்க மாட்டேன். அந்த வாட்டர் ஹீட்டரைப் போட்ட பிளம்பர் யார்? தொட்டியில்லாததைப் போடும்போது குழாய்க் கணக்குப் பார்ப்பதுதான் முதல் வேலை. நாற்பதாயிரத்தை எடுத்துவிட்டு ஏறத்தாழ ஐந்து மடங்கை அதே குழாயில் மாட்டிவிட்டுப் போவது வேலையே அல்ல. அதற்காவது அனுமதி வாங்கினார்களா என்று கேளுங்கள்.

விரல்_சுட்டவன் | 1.40

தாசன், கனடாவில் வீட்டுக்காரர் தாமாகவே கேஸ் இணைக்கலாமா?

ஸ்கார்பரோ_தாசன் | 1.48

ஒன்டாரியோவில் கேஸ் குழாய் வேலைக்கு உரிமம் பெற்ற தொழில்நுட்பர்தான் வர வேண்டும். ஏற்கெனவே உள்ள சொடுக்கு இணைப்பில் ஹோஸைக் கழற்றி மாட்டுவது நம் வேலை. அதற்கு முந்திய குழாயைத் தொடக் கூடாது. நான் ஆளை அழைத்துத்தான் போட்டேன்.

எடிசன்_புதுவீடு | இரவு 8.20

மீனா அக்கா, வெந்நீர் திறந்த உடனே தீ இறங்கியது. மூடியதும் எழுந்தது. மீட்டரில் 250 என்று இருக்கிறது. குழாய் முக்கால் அங்குலம், நீளம் ஐம்பது அடிக்குக் குறையாது. ஃபிளேர் டேப்பை எடுத்துவிட்டு மறுபடி சோப்புத் தண்ணீர் பார்த்தேன், கசிவில்லை. நாளை விருந்துக்கு என்ன செய்வது?

மினசோட்டா_மீனா | 8.34

நாளைக்கு: கிரில் எரியும்போது வெந்நீர் வேண்டாம், ஹீட்டரைக் குறைத்து வையுங்கள், பாத்திரம் கழுவும் இயந்திரத்தையும் ஓட்ட வேண்டாம். கிரில்லை விட்டு நகராதீர்கள். ஒரு பர்னர் அணைந்தால் உடனே எல்லாக் குமிழ்களையும் மூடி, மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி பற்றவையுங்கள். அணைந்த பர்னரிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்கும். பக்கத்துப் பர்னரின் தீ அதைப் பிடித்தால் முகத்தில் அடிக்கும்.

திங்கள்கிழமை: கேஸ் நிறுவனத்தை அழைத்து வீட்டின் மொத்தச் சுமையைச் சொல்லுங்கள், மீட்டரைப் பெரிதாக்குவது அவர்கள் வேலை. குழாய்க்கு உரிமம் பெற்ற பிளம்பர். மீட்டருக்குப் பக்கத்திலிருந்து வாட்டர் ஹீட்டருக்குத் தனிக் குழாய் போட்டால் பழைய குழாயில் மற்றவை தாராளமாக ஓடும். அனுமதி, அழுத்தச் சோதனை இரண்டும் கட்டாயம். கிரில்லில் ஒரு தவறும் இல்லை.

தோட்டக்காரன் | 8.41

எதற்கும் பர்னர் குழாயை ஒருமுறை துடைத்துவிடுங்கள். கெடுதல் இல்லை.

விரல்_சுட்டவன் | ஞாயிறு, காலை 10.10

விருந்து நடந்ததா?

எடிசன்_புதுவீடு | வியாழன், இரவு 10.02

நடந்தது. நான்கு மணிக்குப் பிறகு யாரும் குளிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன், விருந்தாளிகள் உட்பட. மீட்டர் மாற்றிவிட்டார்கள். இப்போதும் ஷவர் திறந்தால் தீ கொஞ்சம் இறங்குகிறது, ஆனால் அணையவில்லை. தனிக் குழாய்க்குப் பிளம்பர் வந்து பார்த்துவிட்டுப் போனார். எல்லோருக்கும் நன்றி.

ஸ்கார்பரோ_தாசன் | 10.15

நல்லது தம்பி. பிளம்பர் எவ்வளவு கேட்டார்? அடிக் கணக்கா, மொத்தமா?

குழாய்மணி | 10.31

ஒரு அங்குலக் குழாய் போடச் சொல்லுங்கள். முக்கால் போதும் என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஸ்கார்பரோ_தாசன் | சனி, மதியம் 2.40

எவ்வளவு கேட்டார் என்று சொல்லவில்லையே?