டோமாசன்: ராசி இல்லாத கோச்சா, சரக்கு இல்லாத கோச்சா?

கோல்போஸ்ட் கோபி:
ஸ்வீடன் ஆண்கள் அணி வரலாற்றுலயே பாதியில வேலையை விட்டுத் தூக்கப்பட்ட முதல் கோச், டென்மார்க்காரர் யோன் டால் டோமாசன். முன்னாடி ஐசக், யோகெரெஸ்னு ஐரோப்பாவே சண்டை போட்டு வாங்கின ரெண்டு ஸ்ட்ரைக்கர். அவங்களை வெச்சுக்கிட்டு உலகக் கோப்பை தகுதிச் சுற்றுல நாலு மேட்ச்ல ஒரே ஒரு பாயிண்ட். ஸ்லோவேனியாவோட 2-2, பிரிஸ்டினாவுல கொசோவோகிட்ட 0-2, சொந்த ஊர்ல சுவிட்சர்லாந்துகிட்ட 0-2, 2025 அக்டோபர் 13 அன்னிக்கு கோதன்பர்க்ல திரும்பவும் கொசோவோகிட்ட 0-1. கடைசி மூணு மேட்ச்ல ஒரு கோல்கூட இல்லை. மறுநாளே சீட்டைக் கிழிச்சிட்டாங்க. 'நல்ல கோச்தான், ராசி இல்லை'ன்னு போன வாரம் இங்க ஒருத்தர் கம்பு சுத்தினார். இப்ப வந்து பேசட்டும்.

ரோசோனேரி ரவி:
நான்தான் சொன்னேன். இப்பவும் அதேதான் சொல்றேன். இவர் ஆட்டக்காரரா இருந்த காலம், 1997ல இங்கிலாந்து கிளப் நியூகாசிலோட கோச் டால்க்ளிஷ் இவரை டச்சு கிளப் ஹீரன்வீன்ல இருந்து கூட்டிட்டு வந்தார். ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாடி நின்னு, இடம் பார்த்து உள்ள நுழையுறதுதான் இவர் ஆட்டம். ஆனா அங்க இருந்த ஸ்ட்ரைக்கர்ல ஷியரருக்குக் காயம், ஃபெர்டினாண்டை வித்தாச்சு. சின்னப் பையனை ஒத்தையா முன்னாடி நிறுத்திட்டாங்க. லீக்ல மூணே கோல். வேலைக்கு ஆகாதுன்னு ஒரே வருஷத்துல மூட்டை கட்டி அனுப்பினாங்க. ஃபெயனூர்டு போன முதல் சீசன்லயே டச்சு லீக் பட்டம். 2002 யூஇஎஃப்ஏ கோப்பை ஃபைனல்ல டார்ட்மண்ட் டிஃபெண்டர் யூர்கன் கோலர் சிவப்பு அட்டை வாங்கினதே இவரைத் தடுக்கப் போய்த்தான். அதே மேட்ச்ல ஒரு கோலும் அடிச்சு 3-2. அடுத்த மாசம் உலகக் கோப்பையில நாலு கோல். நடப்புச் சாம்பியன் பிரான்ஸை ஊருக்கு அனுப்பின மேட்ச்ல அடிச்சதும் அதுல ஒண்ணு. ஒரு இடத்துல சரியா வரலைன்னா ஆளே சரியில்லைன்னு அர்த்தமா?

கோல்போஸ்ட் கோபி:
ரவி, உங்க வாதம் உங்களுக்கே எதிரா நிக்குது பாருங்க. நியூகாசில்ல அவரைத் தப்பான இடத்துல நிறுத்தினது டால்க்ளிஷ், சரி. ஸ்வீடன்ல மத்தவங்களைத் தப்பான இடத்துல நிறுத்தினது யாரு? நாலு டிஃபெண்டர் நிக்கிற 4-4-2லயே வளர்ந்த நாடு அது. அதுல மூணு பேர் டிஃபென்ஸைக் கொண்டுவந்து, எல்லாரையும் மேல ஏறி எதிராளியை நெருக்கி ப்ரெஸ் பண்ணச் சொல்லி, பின்னாடி பெரிய மைதானத்தையே காலியா விட்டார். கொசோவோ என்ன மாயமா பண்ணினாங்க? பந்தைப் பிடுங்கி நேரா ஓடினாங்க, அவ்வளவுதான்.

ஆஃப்சைட் மணி:
ஸ்ட்ரைக்கரா இருந்தவரைக் கோச்சா போட்டா இதான் பிரச்சினை. பின்னாடியும் ஒரு கோல்போஸ்ட் இருக்குன்னே ஞாபகம் இருக்காது 😄

ரோவர்ஸ் ராஜா:
இங்கிலாந்து ரெண்டாவது பிரிவு கிளப் பிளாக்பர்ன் ரசிகனா ஒரு வார்த்தை. இவர் எங்ககிட்ட கோச்சா 2022ல வந்தப்ப பழைய கோச் மௌப்ரே கிளம்பி டீமே அரைகுறையா இருந்துது. முதலாளி யாருன்னு தெரியும்ல, புனே வெங்கீஸ். கோழி விக்கிற நம்ம ஊர் கம்பெனி. அவங்க இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பணும்னா டெல்லி கோர்ட்ல அனுமதி வாங்கணும்ங்கிற நிலைமை இவர் காலத்துலதான் வந்துது. பட்ஜெட்டை வெட்டினாங்க. 2023 ஜனவரியில நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்ல இருந்து லூயிஸ் ஓப்ரையன் வர எல்லாம் முடிஞ்சாச்சு. பேப்பர் லேட்டாப் போச்சுன்னு லீக் நிராகரிச்சிடுச்சு. சரி, ஒருவாட்டி தப்பு நடக்கும். அடுத்த ஜனவரியில அமெரிக்காவுல இருந்து டங்கன் மெக்வயர். அதுவும் பேப்பர்லயே போச்சு! ரெண்டு வருஷம் வரிசையா! அதே வாரத்துல ஆடம் வார்ட்டனை கிரிஸ்டல் பேலஸுக்கு வித்தாச்சு. அந்தப் பையனுக்கு முதல் மேட்ச் கொடுத்தவர் டோமாசன். நாலு மாசத்துல பையன் யூரோவுக்கு இங்கிலாந்து டீம்ல. இவர் அந்த பிப்ரவரியிலயே கிளம்பிட்டார். அதுக்கு இவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை.

கோல்போஸ்ட் கோபி:
ராஜா அண்ணே, வெங்கீஸ் பத்தி நீங்க திட்டுறதுல ஒரு வரிகூட மறுக்க மாட்டேன். ஆனா 2022-23ல பிரீமியர் லீக்குக்கு ஏறுறதுக்கான ப்ளே-ஆஃப் போச்சே, அது எதனால? உங்களுக்கும் சண்டர்லாந்துக்கும் 69 பாயிண்ட். கோல் வித்தியாசத்துல அவங்க ஆறாவது, நீங்க ஏழாவது. அந்த சீசன் முழுக்க நீங்க அடிச்சது 52, வாங்கினது 54. மேல ஏறணும்னு நினைக்கிற டீமுக்கு மைனஸ்ல கோல் வித்தியாசம்! கடைசி நாள் மில்வால்ல 1-3ல இருந்து 4-3 ஜெயிச்சீங்க, பார்க்க அமர்க்களமா இருந்துது. ஆனா 46 மேட்ச்ல ரெண்டு மூணு மேட்ச்ல பின்னாடி கதவைச் சாத்தியிருந்தா அந்தக் கூத்தே தேவைப்பட்டிருக்காது. அதுவும் பேப்பர் லேட்டானதாலயா?

ரோவர்ஸ் ராஜா:
ஒன்றரை மிட்ஃபீல்டரை வெச்சுக்கிட்டு ஏழாவது வந்ததே பெருசு தம்பி. அவர் போனதுக்கப்புறம் 2023-24 சீசன்ல கடைசி நாள் லெஸ்டரை ஜெயிச்சுத்தான் கீழ இறங்காம தப்பிச்சோம். அந்த மேட்ச்ல ரெண்டு கோலும் ஸ்மோடிக்ஸ். அந்த சீசன்ல லீக்லயே அதிக கோல் அவன்தான், 27. பீட்டர்பரோல இருந்து வந்தவனை அந்த அளவுக்கு ஏத்தினது யாரு?

பரணி புள்ளிவிவரம்:
இரு தரப்பும் வசதியான எண்களை மட்டும் எடுக்கிறீர்கள். வரிசையாகப் பார்ப்போம். கோச்சாக முதலில் நெதர்லாந்தின் எக்ஸெல்சியர்; அங்கிருந்து சில மாதங்களிலேயே அந்நாட்டின் ரோடாவுக்குப் போய், 2014இல் அந்த அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. இதை ரவி சொல்லவில்லை. பிறகு டென்மார்க் தேசிய அணியில் தலைமைக் கோச் ஹாரெய்டேயின் உதவியாளர். 2020, 2021 இரண்டு ஆண்டும் மால்மோவுடன் ஸ்வீடன் லீக் பட்டம். இதை கோபி சொல்லவில்லை. 2021 பட்டம் ஏஐகே அணியைக் கோல் வித்தியாசத்தில் முந்திக் கிடைத்தது. அதே அளவுகோல்தான் பிறகு பிளாக்பர்னில் அவரைக் கவிழ்த்தது. 2021-22 சாம்பியன்ஸ் லீக் குரூப்பில் செல்சீ, யுவென்டஸ், ஜெனித்: ஆறு ஆட்டங்களில் ஒரு புள்ளி, அடித்தது 1, வாங்கியது 14.

ரோசோனேரி ரவி:
அந்த குரூப்புக்குள்ள எப்படிப் போனாங்கன்னும் சொல்லுங்க பரணி. ஜெரார்டோட ரேஞ்சர்ஸ், முந்தின சீசன் ஸ்காட்லாந்து லீக்ல ஒரு மேட்ச்கூடத் தோக்காத டீம். மால்மோவுல 2-1 ஜெயிச்சாச்சு. திரும்ப அவங்க மைதானம் ஐப்ராக்ஸ்ல ரேஞ்சர்ஸோட மொரேலோஸ் கோல் அடிச்சிட்டான், இடைவேளைக்கு முன்னாடியே மால்மோ ஆள் ஒருத்தன் சிவப்பு அட்டை. பத்து பேரு, ஸ்டேடியம் அலறுது. எந்தக் கோச்சா இருந்தாலும் பின்வாங்கி பஸ்ஸை நிறுத்தியிருப்பான். இவர் டீம் இரண்டாவது பாதி ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல சோலாக் மூலமா ரெண்டு கோல் அடிச்சு அங்கயும் 2-1. இது சரக்கு இல்லாத கோச்சோட வேலையா கோபி?

கோல்போஸ்ட் கோபி:
அந்த ராத்திரிக்குக் கை தட்டுறேன். அதுக்காக 1-14ஐ மறக்கச் சொல்றீங்களா?

ரோசோனேரி ரவி:
செல்சீ அந்த வருஷ ஐரோப்பிய சாம்பியன் சார்! மால்மோ சம்பளப் பட்டியல் அவங்க பெஞ்சுக்குக்கூட காணாது.

ஆஃப்சைட் மணி:
ரவி அண்ணன், டோமாசன் ஆடின மிலான் கிளப் மேல உள்ள பாசத்துல பேசுறார். 2003 கால் இறுதி அஜாக்ஸ் கோல் இன்னும் கண்ணுக்குள்ள ஓடுது போல.

ரோசோனேரி ரவி:
ஓடாம? தொண்ணூறு நிமிஷம் முடிஞ்சுது, 2-2. முதல் மேட்ச் 0-0, அப்படியே விசில் அடிச்சா, வெளியூர்ல அதிக கோல் அடிச்சவங்க ஜெயிப்பாங்கங்கிற கணக்குல அஜாக்ஸ் உள்ள, நாங்க வெளிய. இன்ஸாகி கீப்பர் தலைக்கு மேல பந்தைத் தூக்கிவிட்டார். அது கோட்டை நோக்கிப் போய்க்கிட்டே இருக்கு. தானா உள்ள போகும்னு எவனும் வேடிக்கை பார்ப்பான். டோமாசன் கடைசி அடி வரைக்கும் ஓடிவந்து கோட்டுமேலயே தட்டிவிட்டார். இன்ஸாகிகிட்ட இருந்து கோலைத் திருடினார்னு கிண்டல் பண்ணினோம். ஆனா அந்தப் புத்திதான் அவரு. 2010ல ஜப்பானோட பெனால்டி, கவாஷிமா தடுத்துட்டான், திரும்பி வந்த பந்தை அவரே உள்ள தள்ளினார். டென்மார்க்குக்கு 52வது கோல் அதுதான்.

பரணி புள்ளிவிவரம்:
52 கோல், 112 ஆட்டம். பழைய டென்மார்க் வீரர் பவுல் நீல்சனும் 52தான்; ஆனால் அவருக்கு 38 ஆட்டமே போதுமாக இருந்தது. அது 1910, 20களின் கால்பந்து என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரி, மீண்டும் ஸ்வீடனுக்கு வருவோம். டோமாசனுக்குப் பின் கிரஹாம் பாட்டர் வந்தார். சுவிட்சர்லாந்திடம் 1-4 தோல்வி, ஸ்லோவேனியாவுடன் 1-1. மொத்தம் இரண்டே புள்ளியுடன் ஸ்வீடன் குரூப்பில் கடைசி. ஆனாலும் 2026 மார்ச்சில் உக்ரைனுக்கு எதிராக ப்ளே-ஆஃப் ஆடும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. எப்படி? ஐரோப்பிய தேசிய அணிகளுக்கான 2024 நேஷன்ஸ் லீக்கில் தங்கள் குரூப்பை வென்றதால். அந்தக் குரூப்பை வென்ற கோச் யார்?

ஆஃப்சைட் மணி:
😂😂 தூக்கினவரோட டிக்கெட்லயே உலகக் கோப்பைக்கு இன்னொரு சான்ஸா!

கோல்போஸ்ட் கோபி:
பரணி, அது சி பிரிவு, அதாவது மூணாவது தரம். எஸ்டோனியா, அஜர்பைஜான், ஸ்லோவாக்கியா. அஜர்பைஜானை 6-0 அடிச்சதுல யோகெரெஸ் மட்டும் நாலு. அந்த ஆள் இருக்கிற டீமை யார் நடத்தினாலும் அந்தக் குரூப் ஜெயிக்கும்.

ரோசோனேரி ரவி:
அதே யோகெரெஸ்தான் கொசோவோகிட்ட கோல் அடிக்கலை. அடிச்சா ஆட்டக்காரன் புகழ், அடிக்கலைன்னா கோச் தலையில பழியா? குலுசெவ்ஸ்கிக்கு முழங்கால் காயம், ஒரு மேட்ச்கூட இல்லை. ஐசக் நியூகாசிலோட மல்லுக்கட்டி, லிவர்பூலுக்குப் போற வரைக்கும் டீமோட ப்ராக்டிஸே இல்லாம நேரா தேசிய அணிக்கு வந்தான். என்னைக் கேட்டா இவர் கிளப் கோச். இவரோட ப்ரெஸ்ஸிங் ஆட்டத்துக்குத் தினமும் மைதானத்துல நிக்கணும். மால்மோவுல நின்னார், பட்டம் வாங்கினார். தேசிய அணியில நாலு நாள் கிடைக்கும், அதுல ரெண்டு நாள் பயணக் களைப்பு.

கோல்போஸ்ட் கோபி:
இது நியாயமான பேச்சு. ஆனா ஹாரெய்டே பக்கத்துல நாலு வருஷம் உட்கார்ந்து, ரஷ்யா உலகக் கோப்பை வரைக்கும் போய் வந்தவருக்கு, தேசிய அணியில எத்தனை நாள் கிடைக்கும்னு தெரியாதா? தெரிஞ்சே, நாலு நாள்ல கத்துக் கொடுக்க முடியாத ஆட்டத்தை எடுத்துக்கிட்டுப் போனது யார் தப்பு?