ஹால்ல பெரிய வெறும் சுவர், வாடகை வீடு, ஆணி அடிக்க முடியாது: கம்மி செலவுல என்ன பண்ணலாம்?

மாடிவீடு:
எல்லாருக்கும் வணக்கம். இந்த வாடகை வீட்டுக்கு வந்து மூணு மாசம் ஆகுது. ஹால்ல சோபாவுக்குப் பின்னாடி ஒரு சுவர், அளந்து பாத்தேன், நீளம் 4 மீட்டர், உயரம் 2.8 மீட்டர், ஜன்னலும் இல்ல அலமாரியும் இல்ல, ஒரே வெள்ளை. கதவத் திறந்ததும் கண்ணு நேரா அங்கதான் போய் நிக்குது. ஹவுஸ் ஓனர் சாவி குடுக்கும்போதே ஆணி அடிக்கக் கூடாது, பெயின்ட் மாத்தக் கூடாதுன்னு சொல்லிட்டார்.

போன வாரம் நாலு சின்ன போட்டோ ஃப்ரேம் வாங்கி டபுள் சைட் ஃபோம் டேப் போட்டு ஒட்டினேன். அவ்ளோ பெரிய சுவத்துல நாலு ஸ்டாம்ப் ஒட்டுன மாதிரிதான் இருந்துச்சு. அதுவும் நிக்கல, நடுராத்திரி ஒண்ணு கீழ விழுந்துடுச்சு, காலைல பாத்தா டேப்போட சேந்து உள்ளங்கை அகலத்துக்கு பெயின்ட் உரிஞ்சு வந்திருக்கு. டெபாசிட்ல கை வச்சிடுவாரோன்னு கவலையா இருக்கு. பெரிசா செலவு பண்ண முடியாது, வீட்ட காலி பண்ணும்போது சுவர் பழையபடி இருக்கணும். வீட்ல ரெண்டு வயசுப் பையன் இருக்கான். என்ன பண்ணலாம்னு சொல்லுங்க.

செவ்வந்தி:
எதையும் வாங்குறதுக்கு முன்னாடி அந்த சுவத்துல என்ன பெயின்ட்டுன்னு பாருங்க சிஸ். உள்ளங்கையால நல்லா அழுத்தித் தேச்சா கைல மாவு மாதிரி வெள்ளையா ஒட்டுதா? ஈரத்துணியால ஒரு மூலைல துடைச்சா துணில கலர் வருதா? வந்துச்சுன்னா அது சுண்ணாம்பு இல்லன்னா டிஸ்டெம்பர், அதுல எந்த ஸ்டிக்கரும் டேப்பும் நிக்காது, எவ்ளோ நல்ல டேப்பா இருந்தாலும் சரி. ஏன்னா டேப் பிடிக்கிறது மேல இருக்குற அந்தப் பொடியத்தான், பொடி உதிர்ந்தா டேப்பும் கூடவே வந்துடும். உங்களுக்கு நடந்தது அதுவா இருக்கலாம், ஆனா ஃபோம் டேப் நல்ல எமல்ஷன் பெயின்ட்டயே பிச்சிக்கிட்டுதான் வரும், அதனால தேச்சுப் பாத்தாதான் தெரியும்.

கைல எதுவும் ஒட்டலன்னா இழுத்து எடுக்குற மாதிரி வால் வரும் பாருங்க அந்த ஸ்ட்ரிப் போடலாம். நான் ரெண்டு வீட்ல போட்டு கழட்டியிருக்கேன், ஒரு தடம் கூட இல்ல. முதல்ல சுவத்த ஸ்பிரிட் தொட்ட துணியால துடைச்சு காய விடுங்க, சோப்புத் தண்ணி வேணாம், அதோட வழவழப்பு தங்கிடும். ஒட்டி 30 செகண்ட் அழுத்திப் பிடிங்க, ஒரு மணி நேரம் கழிச்சு மாட்டுங்க. பாக்கெட்ல போட்டிருக்குற எடையில பாதிதான் நான் மாட்டுவேன். கழட்டும்போது வாலப் பிடிச்சு சுவத்தோட சுவரா நேர் கீழ மெதுவா இழுக்கணும், ரப்பர் மாதிரி ஒரு முழம் நீண்டு வரும், பயப்படாம இழுத்துக்கிட்டே இருங்க, தானா விட்டுடும். நம்ம பக்கமா இழுத்தீங்கன்னா பெயின்ட் போச்சு.

அப்புறம் அந்த ஸ்டாம்ப் விஷயம். அது ஃப்ரேம் மேல தப்பில்ல, அளவுதான். சோபா நீளத்துல மூணுல ரெண்டு பங்காவது அகலம் இருந்தாதான் சுவத்துல ஒரு பொருள் இருக்குறதா கண்ணு எடுத்துக்கும். 2 மீட்டர் சோபான்னா மேல இருக்குறது மொத்தமா 130 சென்டிமீட்டராவது வரணும், ஒரே பொருளா இருந்தாலும் சரி, பல ஃப்ரேம் சேந்து ஒரு கூட்டமா இருந்தாலும் சரி. கூட்டமா வைக்கிறப்ப இடைவெளி 5, 6 சென்டிமீட்டருக்கு மேல போகாதீங்க, தள்ளித் தள்ளி வச்சா மறுபடியும் தனித்தனி ஸ்டாம்ப்தான். உயரத்துலதான் எல்லாரும் தப்பு பண்றோம், ரொம்ப மேல மாட்டிடுறோம். சோபா முதுகுக்கு மேல 15, 20 சென்டிமீட்டர் விட்டு ஆரம்பிங்க, மேல வெறுமையா இருந்தா இருக்கட்டும்.

இன்னொண்ணு. மாட்டுறதுக்கு முன்னாடி பழைய நியூஸ்பேப்பர அந்தந்த அளவுக்கு வெட்டி பெயின்டர்ஸ் டேப் (லேசா ஒட்டி ஈசியா உரியுற பேப்பர் டேப்) ஒரு துண்டு போட்டு ஒட்டி ரெண்டு நாள் விட்டு வைங்க. சமையல் வேலையா போறப்ப வரப்ப, ராத்திரி லைட் போட்டு உக்காரும்போதெல்லாம் கண்ணு படும், எது இடிக்குதுன்னு தெரிஞ்சிடும். நான் முதல்ல வச்ச இடத்துலேருந்து ஒரு சாண் கீழ இறக்கினேன், அப்பதான் சோபாவும் அதுவும் ஒண்ணா சேந்த மாதிரி ஆச்சு.

கோடுநோட்டு:
பெரிய படம் வாங்கினாதான் செலவு, நாமளே பண்ணிக்கலாம். 16 ஏ4 ஷீட்ட 4க்கு 4 அடுக்கினா சரியா ஒரு ஏ0 அளவு, 84 சென்டிமீட்டருக்கு 119. ஒரே போட்டோவ 16 துண்டாப் பிரிச்சு பிரிண்ட் எடுங்க, பிரிண்டர் செட்டிங்ல போஸ்டர்னு ஒரு ஆப்ஷன் பெரும்பாலும் இருக்கும். தெளிவா வருமான்னு கேப்பீங்க, 12 மெகாபிக்சல் போன்ல எடுத்த போட்டோ அந்த அளவுல அங்குலத்துக்கு சுமார் 90 புள்ளி வரும். கிட்டப் போய்ப் பாத்தா மங்கலா இருக்கும், ஆனா 2 மீட்டர் தள்ளி நின்னு பாக்குறதுக்கு தாராளம். வாட்ஸ்அப்ல வந்த போட்டோவ மட்டும் எடுக்காதீங்க, அது சுருங்கி வந்திருக்கும்.

பிரிண்ட்ட அப்படியே சுவத்துல ஒட்டாம பழைய பார்சல் அட்டை மேல ஒட்டி மாட்டுங்க. அட்டையோட ஓரத்த கருப்பு பேப்பர் டேப்பால சுத்திட்டா ஃப்ரேமே தேவையில்ல. எடை ஒண்ணுமில்ல, சின்ன ஸ்ட்ரிப் போதும், கண்ணாடி இல்லாததால பையன் மேல விழுந்தாலும் அடிபடாது. வீடு கட்டுற பிளான் பிரிண்ட் போட்டுத் தர்ற கடைல பெரிய ரோல்ல கருப்பு வெள்ளையா ஒரே ஷீட்டா எடுத்தும் தருவாங்க, கலர் பிரிண்ட்ட விட ரொம்ப மலிவு. எங்க வீட்ல தாத்தா சைக்கிள பிடிச்சிக்கிட்டு நிக்குற போட்டோவ அப்படித்தான் எடுத்து வச்சிருக்கேன், வர்றவங்க எல்லாம் அது முன்னாடிதான் நிக்கிறாங்க.

நூல்கண்டு:
மேல சொன்னதெல்லாம் சரி, ஆனா அந்த சுவர் பொடி விடுதுன்னா? அப்ப ஒட்டுறதப் பத்தியே பேசக் கூடாது. துணிக்குப் போங்க. தரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல இறுகி நிக்குற ஸ்பிரிங் கம்பம் ரெண்டு, அதுல குறுக்க ஒரு லேசான கம்பி, அதுல துணி. சுவத்த தொடவே வேணாம். சிங்கிள் பெட்ஷீட்டே கிட்டத்தட்ட 150க்கு 225 வரும், பெரிய டிசைன் போட்ட காட்டன் ஒண்ணு போதும். அயர்ன் பண்ணி, கீழ மடிப்புத் தையலுக்குள்ள ஒரு மெல்லிய மூங்கில் குச்சி சொருகினா சுருங்காம விறைப்பா நிக்கும். வெறும் சுவத்துல பேச்சு எதிரொலிக்கும் இல்லையா, துணி தொங்கினா அது கூட கொஞ்சம் அடங்கும்.

கஞ்சி போட்டு துணியவே சுவத்துல வால்பேப்பர் மாதிரி ஒட்டுற வீடியோ நிறைய சுத்துது. தண்ணி தொட்டா உரிஞ்சு வந்துடும்னு சொல்றது நிஜம்தான், ஆனா கழுவுற மாதிரி பெயின்ட்டா இருந்தாதான். ஈரம் தங்குற சுவர்னா பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் வரும். எனக்கு அதுல நம்பிக்கை இல்ல.

மாடிவீடு:
செவ்வந்தி சிஸ், தேச்சுப் பாத்தேன், கைல ஒண்ணும் ஒட்டல, ஈரத்துணிலயும் எதுவும் வரல. அப்ப தப்பு டேப்போடதுதான். உரிஞ்ச இடத்த என்ன பண்றது? அப்புறம் உயரமா ஒரு புக் ஷெல்ஃப் வச்சிடலாமான்னு என் ஹஸ்பண்ட் கேக்குறார்.

அரைப்படி:
உரிஞ்ச இடத்துக்கு நான் சொல்றேன், போன வீட்ட காலி பண்றப்ப இதே வேலைய பண்ணேன். தூக்கிட்டு நிக்குற ஓரத்த கத்தியால லேசா சுரண்டிடுங்க, இல்லன்னா அது மேல என்ன பூசினாலும் மறுபடி உரியும். வால் புட்டிய மெல்லிசா ரெண்டு தடவை பூசுங்க, ஒரு தடவை காஞ்ச பிறகு அடுத்தது. நல்லா காஞ்சதும் 220 நம்பர் உப்புத்தாள் வச்சு தேச்சு, கண்ண மூடிக்கிட்டு விரலால தடவிப் பாருங்க, மேடு தட்டுச்சுன்னா இன்னும் தேய்க்கணும். அப்புறம் பிரைமர், பெயின்ட். கலர்தான் கஷ்டம். வெள்ளைன்னு சொன்னாலும் அம்பது வெள்ளை இருக்கு. ஓனர்கிட்டயே நடந்தத சொல்லி எந்த பெயின்ட்டுன்னு கேட்டுடுங்க, மிச்சம் இருந்தா குடுத்துடுவார். மறைச்சு வச்சு அவரா பாத்தாத்தான் பிரச்சனை.

கேக்கும்போதே இன்னொண்ணும் கேளுங்க, மேல ரெண்டே ரெண்டு ஓட்டை போட்டுக்கலாமா, போறப்ப அடைச்சுத் தர்றேன்னு. சரின்னு சொன்னா மெசேஜ்ல வாங்கி வச்சிக்கோங்க. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலயும் பக்கவாட்டுலயும் மட்டும் ஓட்டை போடாதீங்க, வயர் அந்த வழியாத்தான் போகும்.

ஷெல்ஃப் வேணாம்னு சொல்லுவேன். உயரமான ஷெல்ஃப சுவத்தோட சேத்து ஸ்க்ரூ பண்ணியே ஆகணும், ரெண்டு வயசுப் பிள்ளை தட்டுல கால் வச்சு ஏறும், மொத்தமா மேல சாஞ்சிடும். ஓட்டை போட விடாத வீட்ல அது வேண்டவே வேண்டாம். பெரிய கண்ணாடிய சும்மா சாச்சு வைக்கிறதும் அப்படித்தான், பையன் வளரட்டும்.

செவ்வந்தி:
அரைப்படி சொன்னதுக்கு நூறு லைக். மணி பிளான்ட்ட சுவத்துல ஏத்தலாமான்னும் யாராவது சொல்லுவாங்க, கயித்துல தொங்க விடுங்க, சுவத்துல படர விடாதீங்க, கணுவுலேருந்து வர்ற வேர் பெயின்ட்ட பிடிச்சிக்கும், எடுத்தா பழுப்புத் தடம் நிக்கும்.

மாடிவீடு:
ஓனர்கிட்ட பேசிட்டேன். திட்டுவார்னு நினைச்சேன், மாடி ஸ்டோர்ல அரை டப்பா பெயின்ட் இருக்கு எடுத்துக்கோம்மான்னார். ரெண்டு ஓட்டைக்கு யோசிச்சு சொல்றேன்னு சொல்லியிருக்கார், அதுவரைக்கும் கோடுநோட்டு சொன்ன ஏ0தான். நியூஸ்பேப்பர் ஒட்டிப் பாத்தேன், ஒரு ஏ0 மட்டும் நிறுத்தி வச்சா அகலம் பத்தல, ரெண்டு பக்கத்துல பக்கத்துல வச்சா 174 வருது, சோபா 2.1 மீட்டர், கச்சிதமா இருக்கு. ஒண்ணுல எங்க அம்மா பூத்தொட்டிக்கு தண்ணி ஊத்துற போட்டோ, இன்னொண்ணு இன்னும் முடிவாகல. பேப்பர் இப்ப சுவத்துல இருக்கு, பையன் எட்டி எட்டி அத தொட்டுப் பாக்குறான். பிரிண்ட் வந்ததும் போட்டோ போடுறேன்.